சூடைக்கு ஒரு டிக்கெட்

தடைக்காலம் தொடங்கி ஆறாம் நாள்.
விசைப்படகெல்லாம் பாம்பன் துறையில்
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து கிடக்க,
கில்டஸ் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டார்:
"சரி, பூனைய என்ன செய்யிறது?"

ஷில்லாங்கில் என் தங்கச்சி கன்னியாஸ்திரி.
பதினோரு வருஷமாகக் கூப்பிடுகிறாள்.
இரண்டு ரயில், மூன்று ராத்திரி, அப்புறம் ஒரு ஜீப்.
குந்துகால் மணல்மேட்டைத் தவிர
மலை என்று எதையும் நாங்கள் ஏறியதில்லை.

சூடை என்று பேர் வைத்தது ரெக்ஸி.
நண்டுவலைக் குவியலுக்குள் கண் திறக்காமல் கிடந்தது,
கை நீளம்கூட இல்லை, வயிறு மட்டும் வெள்ளி.
இப்போது நாலு கிலோ இருநூறு.
ஐஸ் கம்பெனித் தராசில் நிறுத்துப் பார்த்தோம்,
ரயிலில் எடை கேட்பார்கள் என்று யாரோ சொன்னதால்.

மண்டபம் ஸ்டேஷனில் விசாரித்தேன்.
"கடிக்குமா?" என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர்.
"மீன் வச்சிருக்கவங்களக் கடிக்காது."
அவர் சிரிக்கவில்லை.
கூடை, டாக்டர் சீட்டு, கார்டு பெட்டி என்றார்.
கடைசியில், இருட்டில், பார்சல் மூட்டைகளோடு.
அதற்கும் எங்களுக்கும் நடுவே இருபது பெட்டி.

ஒத்திகை பார்த்தோம், ராமநாதபுரம் பஸ்ஸில்.
கத்திரிக்காய்க் கூடைக்கு வலைத்துண்டு மூடி.
பாலம் ஏறும்வரை சத்தமில்லை.
நடுப்பாலத்தில் காற்று கூடைக்குள் கையை விட்டது.
அப்புறம் ஒரு குரல்.
மரைக்காயர்பட்டினம், வேதாளை,
உச்சிப்புளியில் கூட்டம் ஏறி இறங்கியும்
நிற்காத ஒரே குரல்.
லக்கேஜ் டிக்கெட் கிழித்த கண்டக்டர்
"அழுகைக்குத் தனியா வாங்கணும்" என்றார்.
என் மடியில் ஈரம்
ஊர் திரும்பியும் காயவில்லை.

"கூட்டிட்டுப் போறதும் பாவம்,
விட்டுட்டுப் போறதும் பாவம்.
வாயில்லாச் சீவன்ல."
ராத்திரிதோறும் அதே பேச்சு.
யார் கதவு திறப்பார், எதைத் தின்னும்,
இடி இடித்தால் எங்கே ஒளியும்.

கீரை ஆய்ந்துகொண்டே கேட்டிருந்தேன்.
பத்தொன்பது வருஷமாக அவர் படகேறுகிறார்,
வாரத்தில் மூன்று ராத்திரி.
என்னை என்ன செய்வதென்று
இந்த வீட்டில் ஒரு கூட்டமும் நடந்ததில்லை.
நடக்கவேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை,
போன செவ்வாய்க்கிழமை வரை.

பக்கத்து வீட்டு ஜமீலா லாத்தாதான் முடித்துவைத்தார்.
"சாவியக் குடு. இப்ப மீனுக்கு எங்க போக,
கருவாடு திங்குமா?"
"ஊறவச்சாத் திங்கும்."
"அப்பப் போயிட்டு வா."
ஒரு வார வழக்கு, ஒரு கருவாட்டில் தீர்ந்தது.

ரயில் பாலத்தில் ஊர்ந்தது.
ரெக்ஸி ஜன்னல் கம்பியில் நெற்றி வைத்து அழுதாள்.
கில்டஸ் தண்ணீரைப் பார்க்காமல்
தன் புதுச் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஷில்லாங்கில் நாலாம் நாள். விடாத மழை.
ஒரே கம்பளிக்குள் மூன்று பேர்.
போனில் முகம் காட்டினார் லாத்தா,
பிறகு எங்கள் குளிர்பெட்டியை.
அதன்மேல் சூடை, எங்களுக்கு முதுகு காட்டி.
"சூடை!" என்றாள் ரெக்ஸி.
அசையவில்லை.
"ஏ சூடை!" என்றார் கில்டஸ்,
படகிலிருந்து படகுக்குக் கூவுகிற குரலில்.
மடத்துச் சிஸ்டர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு காது மட்டும் திரும்பியது.
கொஞ்சம் நின்றது.
பழைய இடத்துக்கே போய்விட்டது.

அவர் முகம் தொங்கிவிட்டது.
தேநீரை ஆற்றிக் கொடுத்தேன்.

ஜூன் பாதியில் கடல் திறக்கும்.
சிக்னல் விட்டுவிட்டு வருகிற விடியலில்
"சாப்பிட்டியா?" என்று போன் வரும்.
பார்க்கலாம்,
முதலில் எந்தக் காதென்று.